பத்து மணி ஒத்திகை

"போயிடுச்சு" என்றாள் ஜோலின்.

"என்ன போயிடுச்சு?"

"என் கம்ப்யூட்டர், ஆர்வில் கம்ப்யூட்டர், உங்க கம்ப்யூட்டர். மூணும் கறுப்பாயிடுச்சு, வெர்னா."

வெர்னா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்பதரை. அவளுக்குச் சுள்ளென்று கோபம் ஏறியது.

"பத்து மணிக்குன்னுதானே சொன்னாங்க! நான் இன்னும் காப்பியே குடிக்கலையே!"

"அவங்க கடிகாரம் அரை மணி முந்தி ஓடுது போல" என்றார் ஆர்வில், மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி. "அது ஒழுங்கா ஓடினா இந்தக் கூத்தெல்லாம் எதுக்கு?"

கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் வரிசை வாசலைத் தாண்டி, பேக்கரியைத் தாண்டி, நூலகத்துப் படிக்கட்டு வரை போயிருந்தது. அத்தனை பேர் மேலும் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு நிறக் கோட்டு. மறுநாள் விடிந்தால் மான் வேட்டை தொடங்குகிறது. ஆல்டர் கிரீக் ஊரில் அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை என்றால் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் இருக்க மாட்டார், மர அறுவை ஆலையில் சங்கு ஊதாது, பல் வைத்தியர் பாதி அடைத்த பல்லோடு ஆளை அனுப்பிவிட்டுக் காட்டுக்குக் கிளம்பிவிடுவார். கிளம்பும் முன்பு எல்லோரும் லைசென்ஸுக்காக வந்து நிற்பது வனவிலங்குத் துறையின் இந்த ஒரே கவுன்ட்டரில்தான்.

அந்த நாளாகப் பார்த்து ஒத்திகையை வைத்திருந்தார் ஷெல்டன்.

ஷெல்டன் தலைநகரத்தில் பெரிய அதிகாரி. வெளிமாநிலத்துக்காரர், துப்பாக்கியைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. இரண்டாயிரம் பிறக்கிற நொடியில் உலகத்துக் கம்ப்யூட்டர்கள் எல்லாம் கடைசி இரண்டு பூஜ்யத்தைப் பார்த்துவிட்டு, ஆயிரத்துத் தொள்ளாயிரமாம் ஆண்டு திரும்பி வந்துவிட்டதென்று குழம்பிப் படுத்துவிடும் என்று நாடெங்கும் ஒரே பயம். தொண்ணூற்றொன்பதாம் வருஷம் முழுக்க அரசாங்க அலுவலகங்களில் இதே பேச்சுதான். தண்ணீர் பிடித்து வையுங்கள், பேட்டரி வாங்கி வையுங்கள், ஆனால் பயப்படாதீர்கள் என்று வாரத்துக்கு ஒரு சுற்றறிக்கை வரும். ஒவ்வொரு சுற்றறிக்கைக்குப் பிறகும் ஜனங்களுக்குப் பயம் கொஞ்சம் கூடும். கடைசியில், ஒவ்வொரு கவுன்ட்டரும் கம்ப்யூட்டரே இல்லாமல் ஒரு நாள் முழுக்கக் கையால் வேலை செய்து காட்ட வேண்டும் என்று உத்தரவானது.

ஆல்டர் கிரீக்கின் முறைக்கு ஷெல்டன் காலண்டரைப் புரட்டினார். நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை அவருடைய அலுவலகத்திலேயே பாதிப் பேர் லீவு சொல்லியிருந்தார்கள். அதனால் அமைதியான நாள் என்று முடிவு கட்டிவிட்டார்.

வெர்னா போனில் எதிர்க்கத்தான் செய்தாள். "அது கொஞ்சம் வித்தியாசமான யோசனை, சார்" என்றாள். வடக்கே அந்தக் குளிர்ப் பிரதேசத்தில் அதைவிடக் கடுமையாக யாரும் யாரையும் திட்டுவதில்லை. ஷெல்டன் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு நன்றி சொன்னார்.

பிறகு விதிகள் வந்தன. கீத் என்று ஒரு டெக்னீஷியன் தலைநகரத்திலிருந்து வருவான். எதிர்ச்சாரியில் கோர்ட்டுக் கட்டடத்தின் நிலவறையில்தான் ஊர்க் கம்ப்யூட்டர்களை வெளியே இணைக்கிற பெட்டி இருக்கிறது. பத்து மணிக்கு அதை அணைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்திருப்பான், நாலு மணிக்கு மறுபடி போடுவான். அவனை யாரும் பார்க்கக் கூடாது, பேசக் கூடாது. முக்கியமாக, தலைநகரத்துக்கு யாரும் போன் போடக் கூடாது. போட்டால் அதுவே தோல்வி. தோற்கிற கவுன்ட்டர்கள் புது வருஷத்திலிருந்து ரிட்ஜ்டன் அலுவலகத்தோடு இணைக்கப்படும்.

இணைப்பது என்று காகிதத்தில் எழுதியிருந்தாலும் மூடுவது என்றுதான் எல்லோருக்கும் புரிந்தது. ஜோலின் அப்போதுதான் ஊரில் ஒரு சின்ன வீடு வாங்கி, சமையலறைக்கு மஞ்சள் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தாள். வெர்னாவுக்கு ஐம்பத்தாறு வயது. தினமும் பனியில் ரிட்ஜ்டன் வரை வண்டி ஓட்டிப் போய், தெரியாத முகங்களுக்கு நடுவே உட்கார அவளுக்கு மனமும் இல்லை, தெம்பும் இல்லை. இந்தக் கவுன்ட்டரும் போய்விட்டால் தனக்கென்று என்ன இருக்கிறது என்ற நினைப்பிலேயே அவளுக்கு இரண்டு வாரமாகச் சரியான தூக்கமில்லை.

"ஆபத்து என்ன, நேரம் சொல்லிட்டா வரும்?" என்றார் ஆர்வில். "வேணும்னே முந்திக்கிட்டாங்க. நாம பதறுறோமான்னு பாக்கறாங்க."

"அப்ப யாரும் பதறாதீங்க!" என்று வெர்னா கத்தியதில் வரிசையில் முன்னால் நின்ற நாலு பேர் தொப்பியைக் கழற்றிவிட்டார்கள்.

அவள் அவசரப் பெட்டியை இழுத்து மேஜை மேல் வைத்தாள். ஜனவரியிலிருந்து பார்த்துப் பார்த்து நிரப்பிய பெட்டி. திறந்தால் டார்ச் விளக்கு இருந்தது, பேட்டரி இல்லை.

"என் பொண்ணோட பொம்மை நாய் குரைக்க மாட்டேன்னுடுச்சு" என்றாள் ஜோலின் குனிந்துகொண்டு.

சமைத்து அடைத்த அவரைக்கொட்டை டின்களும் பாதிதான் இருந்தன. ஆர்வில் கூரையைப் பார்த்தார். "ஒத்திகைக்கு ஒரு ஒத்திகை பாத்தேன். கெட்டுப் போகல, நல்லாத்தான் இருந்துச்சு."

நல்ல வேளையாகக் காகித லைசென்ஸ் கட்டுகளை யாரும் தின்றிருக்கவில்லை. கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பு அச்சடித்த பழைய கட்டு. வெர்னா ஒன்றை உருவி, வரிசையில் முதலில் நின்ற அறுவை ஆலை லூதரைக் கூப்பிட்டாள். பெயர், உயரம், தலைமுடி நிறம் எல்லாம் மளமளவென்று எழுதிக்கொண்டே வந்தவளின் பேனா கடைசி வரியில் நின்றது.

"என்னாச்சு?" என்றார் ஆர்வில்.

"எந்த வருஷம் வரைக்கும் செல்லும்கற இடத்துல, பத்தொன்பதுன்னு முன்னாலேயே அச்சடிச்சிருக்கு. மிச்சம் ரெண்டு எண்ணுக்குத்தான் இடம் விட்டிருக்காங்க."

"அதனால?"

"இது அடுத்த மார்ச் வரைக்கும் செல்லும் ஆர்வில். ரெண்டாயிரம் மார்ச்."

ஆர்வில் அந்தக் காகிதத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு தொந்தி குலுங்கச் சிரித்தார். "கம்ப்யூட்டருக்கு வந்த வியாதி காகிதத்துக்கும் வந்திருக்கு, பாரு!"

வெர்னாவுக்குச் சிரிப்பு வரவில்லை. பத்தொன்பதை அடித்துவிட்டு மேலே இரண்டாயிரம் என்று எழுதச் சொன்னாள். ஆனால் துறையின் சட்டப்படி அடித்தல் திருத்தல் இருந்தால் அதிகாரி ஒரு கையெழுத்து, வாங்குகிறவர் ஒரு கையெழுத்து, சாட்சி ஒரு கையெழுத்து. லூதருக்குச் சாட்சி தேடி, அந்தச் சாட்சியின் பேனா எழுதாமல், வேறு பேனா தேடி, எல்லாம் முடிவதற்குள் வெளியே வரிசை நூலகத்தையும் தாண்டிவிட்டது.

"எனக்குக் கல்யாணமே இதைவிடச் சீக்கிரம் முடிஞ்சுது" என்றார் லூதர், குறையாக அல்ல, தகவலாக.

"நூலகத்துல தேதி முத்திரை இருக்கும்!" என்று எழுந்து ஓடினாள் ஜோலின். முத்திரை குத்தினால் அது அடித்தல் திருத்தலில் வராது. ஐந்து நிமிஷத்தில் முத்திரையும் மைப்பெட்டியுமாகத் திரும்பி வந்தாள். லூதருக்கும் புதுக் காகிதம் எழுதி, டப், டப் என்று குத்த ஆரம்பித்ததும் வரிசை ஓட்டமாக நகர்ந்தது. வெர்னா அன்றைக்கு முதல் முறையாக மூச்சு விட்டாள்.

அந்த மூச்சு முடிவதற்குள் லூதர் திரும்பி வந்தார்.

"வெர்னா, தொந்தரவுக்கு மன்னிச்சுக்க. இதுல 'திருப்பித் தர வேண்டிய நாள் மார்ச் 31, 2000'னு இருக்கே. எதைத் திருப்பித் தரணும்?"

"அது சும்மா லூதர். நூலகத்து முத்திரை. புஸ்தகத்துக்குப் போடறது."

"மானைத் திருப்பித் தர வேண்டியதில்லையே?"

"தின்னது போக மிச்சத்தைத் தந்தா போதும்" என்றார் ஆர்வில். அவர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தால் அன்றைக்குப் பாதி வம்பு குறைந்திருக்கும்.

பேச்சு வரிசையோடு பின்னால் போனது. பேக்கரி வாசலை எட்டும்போது, கம்ப்யூட்டர் கெட்டுவிட்டதால் இந்த வருஷம் சுட்ட மானில் பாதி அரசாங்கத்துக்கு என்று ஆகியிருந்தது. நூலகத்தை எட்டும்போது, மார்ச்சுக்குள் முழு மானையும் தலைநகரத்துக்குக் கொண்டுபோய் ஒப்படைக்க வேண்டும், அதுவும் சொந்த வண்டியில் என்று ஆகியிருந்தது. வேறு ஊராக இருந்தால் கண்ணாடி உடைந்திருக்கும். இங்கே எல்லோரும் அமைதியாக நின்று, "பரவாயில்ல, இதைவிட மோசமாவும் நடந்திருக்கு" என்று சொல்ல ஆரம்பித்தார்கள். அந்த ஊர் ஜனங்கள் அப்படிச் சொன்னால் உள்ளே கொதிக்கிறார்கள் என்று வெர்னாவுக்குத் தெரியும்.

"சூடா ஏதாவது குடுத்து அடக்கணும்" என்று பேக்கரிக்கு ஆள் அனுப்பினாள். பெரிய பெரிய ஜாடியில் காப்பியும், மேலே சர்க்கரைப் பொடி தூவிய எலுமிச்சைக் கேக் துண்டுகளும் வந்தன. கொதிப்பு அடங்கத்தான் செய்தது. ஆனால் இலவசக் காப்பி என்ற செய்தி ஊருக்குள் பரவ, துப்பாக்கிக்கும் தங்களுக்கும் சம்பந்தமே இல்லாதவர்கள் வந்து வரிசையின் வாலில் ஒட்டிக்கொண்டார்கள். தேவாலயப் பாடகர் குழுப் பெண்மணிகள் மொத்தமாக வந்தார்கள். ஓய்வு பெற்ற தபால்காரர் மடக்கு நாற்காலியோடு வந்தார்.

"நீங்க எதுக்கு நிக்கறீங்க, மிசஸ் தோர்சன்?" என்று கேட்டாள் வெர்னா.

"எல்லாரும் நிக்கறாங்களேன்னு நின்னேன்மா. ஏதாவது குடுக்கறாங்களா?"

வெர்னா வரிசையை இரண்டாகப் பிரித்தாள். குடும்பப் பெயரின் முதல் எழுத்தை வைத்து, ஆங்கில அகரவரிசையில் முதல் பாதி இந்தப் பக்கம், இரண்டாம் பாதி அந்தப் பக்கம். ஆனால் ஆல்டர் கிரீக்கில் பாதிப் பேர் ஓல்சன், மீதிப் பேர் பீட்டர்சனும் ஸ்வான்சனும். எல்லோருமே அந்தப் பக்கம் போய்விட, இந்தப் பக்கம் ஒரே ஒரு ஆண்டர்சன் மட்டும் தனியாக நின்றார். வந்த வேகத்தில் அவருக்கு லைசென்ஸ் கிடைத்துவிட்டது. இத்தனை பேரை முந்திக்கொண்டு வாங்கியதில் அவருக்கு மனசே ஆறவில்லை. லைசென்ஸைக் கவுன்ட்டரிலேயே வைத்துவிட்டு அடுத்த வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டார்.

"அவரைக் கூப்பிடு ஜோலின்."

"கூப்பிட்டேன். 'என் முறை வரட்டும், அவசரமில்ல'ங்கறாரு."

மதியத்துக்குச் சற்று முன்பு புதிதாக ஒரு முடிச்சு விழுந்தது. சட்டத்தை மீறி வேட்டையாடியதற்காகத் தடை செய்யப்பட்டவர்கள் யார் யார் என்பது கம்ப்யூட்டருக்குத்தான் தெரியும். கையால் எப்படிச் சரிபார்ப்பது? ஊர் சின்னது, ஒருவரை ஒருவர் தெரியாமலா இருக்கும் என்று வெர்னா யோசித்தாள். வரிசையில் பின்னால் நிற்பவர் முன்னால் நிற்பவருக்கு உத்தரவாதம் சொல்ல வேண்டும் என்று அறிவித்தாள்.

அவ்வளவுதான். ஒவ்வொரு உத்தரவாதமும் ஒரு கதையாக வந்தது. "நல்ல மனுஷன்தான், ஆனா போன வருஷம் என் மரத்துல ஏறி உக்காந்துட்டான்." "தடை எல்லாம் இல்ல, குறிதான் படாது." மிசஸ் தோர்சன் தனக்கு முன்னால் நின்றவனின் பள்ளிக்கூட நாட்கள் வரை போய்விட்டார். வரிசை அசையவில்லை.

அப்போதுதான் ஹார்லன் ஓல்சன் கவுன்ட்டருக்கு வந்தான். அவனுக்கு அடுத்து நின்றது அவன் தம்பி எமெட். ஒரு மீன்பிடிப் படகு விஷயமாக அண்ணனும் தம்பியும் பேசி வருஷக்கணக்காகிறது என்பது ஊரறிந்த விஷயம். கூடமே அடங்கிவிட்டது. ஆர்வில்கூட வாயை மூடிக்கொண்டார்.

வேறு வழியில்லாமல் வெர்னா கேட்டாள். "எமெட், இவரைத் தெரியுமா?"

எமெட் கூரையைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். "தெரியும்."

"லைசென்ஸ் குடுக்கலாமா?"

"குடுக்கலாம். நல்லவன்தான்." கவுன்ட்டர் மேலிருந்த முத்திரையைப் பார்த்தான். "எடுத்த சாமானைத் திருப்பித் தர மாட்டான், அவ்வளவுதான். அந்த முத்திரையை இப்படிக் குடு வெர்னா, இவன் நெத்தியில ஒண்ணு குத்தறேன்."

ஹார்லனுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. "மார்ச் வரைக்கும் டைம் இருக்கில்ல? அதுக்குள்ள படகைக் கொண்டாந்து விடறேன்டா" என்றான். கூடமே சிரித்தது. அண்ணனும் தம்பியும் ஒன்றாகக் காப்பி குடிக்கப் போனார்கள். பாடகர் குழுவில் ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆனால் வெர்னா தலையை நிமிர்த்திப் பார்த்தால் வரிசை காலையில் இருந்ததைவிட நீளமாக இருந்தது.

ஆர்வில் கோட்டை எடுத்தார். அன்றைக்கு மதியத்திலிருந்து அவருக்கு லீவு. வேட்டைக்கு முந்தின நாள் சாயங்காலம் காட்டுக் குடிலில் நண்பர்களோடு அடுப்பு மூட்டி உட்காருவதை அவர் வாலிபத்திலிருந்து ஒரு வருஷம்கூடத் தவறவிட்டதில்லை. வெர்னாவுக்கு அது தெரியும் என்பதால் அவரைப் பார்க்காமலே எழுதிக்கொண்டிருந்தாள்.

ஆர்வில் ஒரு கை மட்டும் கோட்டுக்குள் விட்டபடி நின்றார். ஜோலினின் விரல் நகத்தில் ஒட்டியிருந்த மஞ்சள் பெயின்ட்டைப் பார்த்தார். கோட்டைக் கழற்றி மறுபடி ஆணியில் மாட்டினார்.

"குடில் எங்கயும் ஓடிடாது" என்றார். "என்ன, அவனுங்க சமையலைச் சாப்பிடறதிலேர்ந்து ஒரு நாள் தப்பிச்சேன்."

வெர்னா எழுந்தாள். ஒரு தட்டில் கேக் துண்டுகளை அடுக்கி அவர் கையில் கொடுத்தாள். "அந்த கீத் பையனுக்குக் குடுத்துட்டு வாங்க. பேசக் கூடாதுன்னுதானே சொன்னாங்க, பசியோட விடணும்னு சொல்லலையே. மேலிடத்துல நம்மளைப் பத்தி நல்லதா நாலு வார்த்தை சொல்லுவான்."

ஆர்வில் போன சுருக்கில் காலித் தட்டோடு திரும்பினார். மீசையில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. வெளியே பனி தூற ஆரம்பித்துவிட்டது போல என்று வெர்னா நினைத்துக்கொண்டாள்.

"சாப்பிட்டானா?"

"ஒரு துண்டு மிச்சமில்ல."

"ஆள் எப்படி இருக்கான்?"

"எங்க பாத்தேன்? கதவு இடுக்குல ஒரு கை வந்துச்சு, தட்டை வாங்குச்சு. அவ்வளவு கறாரான ஆளு."

அது வெர்னாவுக்குக் கொஞ்சம் தைரியம் கொடுத்தது. அவள் பேனாவை வைத்துவிட்டு நாற்காலி மேல் ஏறி நின்றாள். காலையிலிருந்து ஒவ்வொன்றையும் சரிசெய்யப் போய் எல்லாவற்றையும் கெடுத்தாயிற்று. இனி செய்வதற்கு ஒன்றுதான் பாக்கி. அந்த ஊரில் பிறந்த எவருக்கும் வாயில் வராத வார்த்தை அது. வீடு எரிந்தாலும், "ஒண்ணும் இல்ல, நானே பாத்துக்கறேன்" என்று சொல்கிற ஜனங்கள்.

"எல்லாரும் கேளுங்க" என்றாள். குரல் பிசிறியது. "என்னால முடியல. எனக்கு உதவி வேணும். இன்னிக்கு இந்த வேலை முடியலைன்னா இந்தக் கவுன்ட்டரையே மூடிடுவாங்க."

முதலில் தபால்காரர்தான் நாற்காலியை மடக்கினார்.

"இதை மொதல்லயே சொல்றதுக்கென்னம்மா? காலையிலேர்ந்து சும்மா உக்காந்து உக்காந்து இடுப்பு வலிக்குது."

அதற்குப் பிறகு நடந்ததை வெர்னா ஆயுசுக்கும் மறக்க மாட்டாள். காப்பிக்கு வந்தவர்கள் எல்லாம் வேலைக்காரர்கள் ஆனார்கள். பாடகர் குழுப் பெண்மணிகள் பேக்கரி மேஜைகளைப் பிடித்துக்கொண்டு, தேவாலயத்துக்கு எழுதுகிற அழகான கையெழுத்தில் பெயர், உயரம், தலைமுடி நிறம் நிரப்பிக் கொடுத்தார்கள். தபால்காரர் வரிசையில் முன்னும் பின்னும் நடந்து யார் யாருக்கு நிஜமாகவே லைசென்ஸ் வேண்டும் என்று பிரித்தார். மானின் காதில் கட்டுகிற அட்டை பனியில் ஊறிவிடுமே என்று யாரோ கேட்க, பேக்கரிக்காரி சாண்ட்விச் போடுகிற பிளாஸ்டிக் பைகளைக் கொண்டுவந்து கொட்டினாள். தடை விவரத்துக்கு ஒரே ஒரு ஆளைக் கேட்டால் போதும் என்று ஆனது. மிசஸ் தோர்சன் கதவருகே நின்று ஆமாம், இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினார். கதை சொல்லாமல் இருப்பது அவருக்குப் பெரிய தியாகம். ஹார்லனும் எமெட்டும் சேர்ந்து முத்திரை குத்தினார்கள். ஆண்டர்சன் தன் முறை வந்து தன் லைசென்ஸை வாங்கிக்கொண்டு நிம்மதியாகப் போனார்.

நாலு மணிக்கு அநேகமாகக் கூடம் காலியாகிவிட்டது. ஜோலின் தரையில் கிடந்த காப்பிக் கோப்பைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஒத்திகை நேரம் முடிந்துவிட்டது என்று வெர்னா போனை எடுத்துத் தலைநகரத்துக்கு வெற்றிச் செய்தி சொல்லப் பார்த்தாள். லைன் கிடைக்கவில்லை. மறுபடி போட்டாள். கிடைக்கவே இல்லை.

"எல்லா ஊர்க்காரங்களும் இன்னிக்கே கூப்பிட்டுப் பெருமை பேசறாங்க போல" என்றாள். முகம் பூரித்திருந்தது. அவளுக்கு இனிக் கவலை இல்லை. நாளைக்கு நிஜமாகவே எல்லாக் கம்ப்யூட்டரும் படுத்தாலும் இந்த ஊர் சமாளித்துவிடும் என்று நெஞ்சுக்குள் அவ்வளவு உறுதியாக இருந்தது. "ஜோலின், நீ தைரியமா அடுத்த ரூமுக்கும் பெயின்ட் அடி."

"கம்ப்யூட்டர் இன்னும் வரலையே, வெர்னா?"

"காலையில அரை மணி முந்தினான்ல, இப்ப அரை மணி பிந்துவான். கணக்கு சரியாப் போயிடும்."

"கவுன்ட்டர்ல இன்னும் ஒரு ஆள் நிக்கறாரு" என்றார் ஆர்வில்.

வரிசையின் கடைசி ஆள். ஆரஞ்சுக் கோட்டு இல்லை. கழுத்தில் டை, முழங்கால் வரை சேறு, கால்சட்டையின் ஒரு கால் கிழிந்திருந்தது. உள்ளூர் முகமாகத் தெரியவில்லை.

"வாங்க. உங்களுக்கும் லைசென்ஸா?"

"இல்லீங்க. காலையில வர்ற வழியில ஒரு மான் என் வண்டி முன்னால பாஞ்சுடுச்சு, அதை இடிச்ச வேகத்துல ஒரு போன் கம்பமும் சாஞ்சுடுச்சு. மான் போச்சு, வண்டியும் போச்சு. பால் லாரிக்காரர் ஒருத்தர் ரெண்டையும் இழுத்துக்கிட்டு வந்து விட்டாரு. மானை வீட்டுக்கு எடுத்துக்கிட்டுப் போகணும்னா இங்க வந்து அட்டை வாங்கணும்னு சொன்னாரு."

"இந்த வருஷத்து மொதல் மான்!" என்று ஆர்வில் கைதட்டினார். "அதுவும் டை கட்டிக்கிட்டு அடிச்சிருக்காரு!"

வெர்னா சிரித்துக்கொண்டே ஒரு அட்டையை எழுதி, முத்திரை குத்தி, சாண்ட்விச் பையில் போட்டாள். "ரொம்ப நேரமா நிக்கறீங்களா? அடிபட்டவர்னு சொல்லியிருந்தா உடனே பாத்திருப்போமே."

"ஒரு மணி நேரமா நிக்கறேன். எல்லாரும் எனக்கு முன்னால வந்தவங்க. குறுக்க வந்தா நல்லாருக்காதேன்னு..."

"நம்ம பக்கத்து ஆளுதான்" என்றாள் வெர்னா பிரியமாக. "சாப்பிட்டீங்களா?"

"காலையிலேர்ந்து பச்சைத் தண்ணிகூட இல்லீங்க."

கடைசியாக மிஞ்சியிருந்த கேக் துண்டை அவள் நீட்டினாள். அவன் அந்தப் பக்கத்து வழக்கப்படி இரண்டு முறை வேண்டாம் என்று சொல்லிவிட்டு மூன்றாவது முறை வாங்கி, ஒரே வாயில் போட்டுக்கொண்டான். மீசையெல்லாம் வெள்ளையாகச் சர்க்கரைப் பொடி ஒட்டியது. வெர்னா அவன் மீசையைப் பார்த்தாள். ஏனோ மெல்லத் திரும்பி ஆர்வில் மீசையைப் பார்த்தாள். ஆர்வில் கூரையைப் பார்த்தார்.

"வேற ஏதாவது வேணுமா?" என்றாள் வெர்னா, வந்தவனிடம்.

"வேணும்னு ஒண்ணும் இல்லீங்க. தாமதமாயிடுச்சு, அதான் எப்படிச் சொல்றதுன்னு தெரியல." அவன் வாயைத் துடைத்துக்கொண்டு சங்கடமாகச் சிரித்தான். "நான்தான் கீத். உங்க கம்ப்யூட்டரை இப்ப நிறுத்தட்டுமா, இல்ல திங்கக்கிழமை வச்சுக்கலாமா?"